மூன்று இருபது

மாத்திரையைக் கொடுக்கும்போது
மருந்தகத்து மிஸ் ஊய் சொன்னது ஒன்றுதான்:
"தூக்கம் வரும் அக்கா, வண்டி ஓட்டாதீங்க."
மோட்டாரிலிருந்து விழுந்துதான்
தோளில் தகடு வைத்திருக்கிறது.
இனி எங்கே ஓட்டப்போகிறேன்.

தூக்கம் வந்தது. இல்லையென்று சொல்லவில்லை.
வந்த நேரம் பிற்பகல் மூன்று மணி.
இடம் அஞ்சலகம், டத்தோ கெராமாட் சாலை, நாலாம் முகப்பு.
பாரிட் புந்தார் போகவேண்டிய பார்சலில்
நேற்றைய தேதியைக் குத்தினேன்.
வரிசையில் நின்றவர்
"தோலோங் காக்" என்று மெல்லக் கண்ணாடியைத் தட்டினார்,
மீன்தொட்டியைத் தட்டுவதுபோல.

இரவு வேறு கதை.
பத்து மணிக்கு விழுங்கினால் பதினொன்றுக்குள்
வலி செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும்.
அது எழுந்துபோன நாற்காலியில்
தூக்கம் வந்து உட்காரவேண்டும் இல்லையா?
உட்காராது.
மூடிய இமைக்குள் யாரோ குழல்விளக்கைப் போட்டுவிட்டு
அணைக்க மறந்து போய்விட்டார்கள்.
மூக்கு நுனி அரிக்கும். முழங்கை அரிக்கும்.
ஜெலுத்தோங் பிளாட், பதினோராம் மாடி,
ஜன்னலுக்கு அப்பால் பாலத்து விளக்குகள்;
எண்ணிக்கொண்டே போனால்
ஒரு லோரி குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்கும்.

குணாளன் பதினாறு வருஷமாக ரொட்டி லோரி ஓட்டுகிறார்.
மூன்று இருபதுக்குக் கிளம்புவார் என்று தெரியும்,
பூமி சுற்றுகிறது என்று தெரிவதுபோல.
பார்த்ததில்லை.

பார்த்தேன்.
அலாரம் இல்லை. தானாக எழுகிறார்.
மெத்தை எந்த இடத்தில் முனகும் என்று அறிந்து
அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்.
குழாயை முழுக்கத் திறப்பதில்லை.
வாளியின் ஓரத்தில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு
தண்ணீரை அதன்வழியே சத்தமில்லாமல் இறக்குகிறார்.
நேற்றைய மீஹூனை நின்றபடி, சூடாக்காமல்.
மைக்ரோவேவ் கூவுமே.
தாழ்ப்பாளுக்கு விரல்நுனியால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்.
காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு
லிஃப்ட் வரைக்கும் வெறுங்காலில் நடக்கிறார்.

பதினாறு வருஷம்.
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்
எனக்கு நல்ல தூக்கம் என்று.

ஆறாம் இரவு, எண்ணெயும் பூசியபின்
திரும்பி வந்தார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.
கட்டிலருகே குனிந்து
என் மூக்கின் கீழே இரண்டு விரல்களை நீட்டி
வைத்திருந்தார்.
ரொட்டிக்கும் டீசலுக்கும் நடுவே ஒரு வாசனை.
மாத்திரை உறையில் அச்சடித்த சிறிய எழுத்துகளை
அவரும் படித்திருக்கிறார் போல.
கண்ணைத் திறந்திருக்கலாம்.
"முழிச்சுதான் இருக்கேன், போங்க" என்று சொல்லியிருக்கலாம்.
அதற்குப் பதில்
கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டேன்.
அவருக்குக் கேட்கும்படி.
நன்றாகக் கேட்கும்படி இன்னொன்று.

மறுவாரம் மிஸ் ஊய் எல்லாவற்றையும் விசாரித்தார்.
பத்துக்கு எத்தனை வலி, எத்தனை மணிக்குச் சாப்பாடு,
பகலில் எப்போது கண் சொருகுகிறது.
டாக்டருக்கு அழைத்துப் பேசி
அளவைக் கொஞ்சம் குறைத்து
இரவு வேளையைச் சாயங்காலம் ஆறுக்கு நகர்த்தினார்.
"சிலருக்கு இப்படி ஆகும் அக்கா" என்றார்.
எனக்கு ஆன மற்றதை நான் சொல்லவில்லை.
அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

இப்போது பத்தரைக்கு விழுந்தால் ஆறுக்குத்தான் விழிப்பு.
தேதி முத்திரை நேராக விழுகிறது.
மூன்று இருபதில் என்ன நடக்கிறது,
விரல்கள் இன்னும் வருகின்றனவா,
தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

காலையில் குளியலறைக்குப் போனால்
வாளி ஓரத்தில் அந்தத் துண்டு
ஈரமாக இருக்கிறதா என்று
இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.
பிறகுதான் பல் துலக்குவது.